ஒன்பதாவது சொல்லில் நின்ற எண்ணிக்கை

லண்டனின் ஒயிட்சேப்பல் பகுதியில், ஒரு டிசம்பர் மாதப் பிற்பகலில், கம்பளிக் கோட்டும் கறுப்புத் தொப்பியும் அணிந்த முதியவர் ஒருவர் என்னை நிறுத்தி, "நீங்கள் யூதரா?" என்று கேட்டார். நான் அப்போது ஈஸ்ட் ஹாமில் குடியிருந்தேன். காலை ஷிப்டு முடிந்து, மூன்றரை மணிக்கே மங்கத் தொடங்கிவிட்ட வெளிச்சத்தில் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். இல்லை, நான் இந்தியாவிலிருந்து வந்த தமிழன் என்றேன். அவர் மன்னிப்புக் கேட்டார். பம்பாயிலிருந்து வந்த யூதக் குடும்பங்களைச் சிறுவயதில் அறிந்திருந்ததால்தான் என் முகத்தைப் பார்த்ததும் கேட்கத் தோன்றியது என்றார். உள்ளே ஜெபத்துக்கு ஒருவர் குறைகிறார் என்றும், சூரியன் மறைய இன்னும் இருபது நிமிடங்களே இருக்கின்றன என்றும் அவர் சொன்னபோது அந்தக் குரலில் இருந்த தவிப்பைப் பொறுக்கமாட்டாமல், "நான் வந்து நிற்கட்டுமா?" என்று கேட்டேன். என் கையைப் பற்றிக்கொண்டு அவர் சொன்ன பதில்தான் இத்தனை ஆண்டுகளாக என்னை விடாமல் தொடர்கிறது: "தாராளமாக வாருங்கள், உள்ளே குளிர் இருக்காது. ஆனால் நீங்கள் வந்தாலும் நாங்கள் ஒன்பது பேர்தான்."

நான் உள்ளே போனேன். கதவைக் கடக்கும்போது வலப்புற நிலையில் சாய்வாகப் பொருத்தப்பட்டிருந்த, ஒரு விரல் நீளமுள்ள உலோகக் கூட்டை அவர் தொட்டு, தொட்ட விரல்களை உதட்டில் ஒற்றிக்கொண்டார். அது மெசூசா. அதற்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் தோல்சுருளில் விவிலியத்தின் உபாகம நூலிலிருந்து இரண்டு பகுதிகளைக் கையால் எழுதியிருப்பார்கள். "இஸ்ரவேலே, கேள்" என்று தொடங்கி, கடவுள் ஒருவரே என்று சொல்லும் ஷெமாதான் அதன் முதல் வரி. காலையிலும் மாலையிலும் வலக்கையால் கண்களை மூடிக்கொண்டு யூதர்கள் சொல்லும் வரி அதுவே. மெசூசாவை ஏன் சாய்வாக வைக்கிறார்கள் என்பதற்குப் பின்னால் ஒரு குடும்பக் கதை இருக்கிறது. நேராக நிற்கவேண்டும் என்றார் பிரெஞ்சு அறிஞர் ராஷி. படுத்திருக்கவேண்டும் என்றார் அவருடைய பேரன் ரப்பேனு தாம். ஐரோப்பிய யூதர்கள் இருவரையும் விட்டுக்கொடுக்க மனமின்றிச் சாய்த்துவிட்டார்கள். தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடையிலான கருத்து வேறுபாடு எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு வாசற்காலில் மரியாதையோடு நிற்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது.

கூடம் சிறியது. யூத மதத்தின் அடையாளம் என்று நாம் நினைக்கும் ஆறுமுனை நட்சத்திரம் அங்கே ஒரு திரைச்சீலையின் ஓரத்தில்தான் இருந்தது. அந்த நட்சத்திரம் யூதர்களின் பொதுச் சின்னமாக ஆனது கடந்த சில நூற்றாண்டுகளில்தான். ஏழு கிளைகள் கொண்ட விளக்குத்தண்டு அதைவிட மிகப் பழமையானது. எருசலேம் ஆலயத்தை ரோமர்கள் கி.பி. 70இல் இடித்து அந்த விளக்கைத் தூக்கிச் சென்ற காட்சியை ரோம் நகரின் டைட்டஸ் வளைவில் இன்றும் காணலாம். ஆலயமும் பலியும் இல்லாமல் போன பிறகு, பலிபீடத்தின் இடத்தை உதடுகள் எடுத்துக்கொண்டன. ஜெபக்கூடத்துக்கு எபிரேயத்தில் உள்ள பெயர் 'பெய்த் க்னெசெத்'; 'கூடும் வீடு' என்று பொருள். கடவுளின் வீடு என்றுகூட அதற்குப் பெயரிடவில்லை. அன்று உள்ளே, யூதர்களின் திருமறையான தோராவின் சுருள்கள் இருக்கும் பேழைக்கு முன் அணையா விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருக்க, எட்டு முதியவர்கள் கதவைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள். என்னை அழைத்து வந்தவர் தலையை அசைத்ததும் மறுபடி அமர்ந்தார்கள். ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து, தலையில் வைத்துக்கொள்ளச் சிறு துணித்தொப்பியை என் கையில் கொடுத்தார்.

எண்ணக் கூடாதவர்களை எண்ணுதல்

யூதர்கள் மனிதர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. தலைகளை எண்ணுவது ஆபத்தை வரவழைக்கும் என்பது பழைய அச்சம். தாவீது அரசர் குடிமக்களை எண்ணியபின் கொள்ளைநோய் வந்த கதையை விவிலியம் படித்தவர்கள் அறிவார்கள். பிள்ளைகளை எண்ணிச் சொல்லக் கூடாது என்று நம் வீடுகளிலும் பெரியவர்கள் தடுப்பார்கள் அல்லவா, அதே உணர்வுதான். ஆனால் பத்துப் பேர் இருக்கிறார்களா என்று தெரிந்தாக வேண்டும். பத்து யூதர் கூடினால்தான் 'மின்யான்' என்னும் நிறைவு கிடைக்கும். அது இல்லாவிட்டால் தோராவைச் சபையில் வாசிக்க முடியாது, இறந்தவருக்காகச் சொல்லும் 'கத்தீஷ்' ஜெபத்தையும் சொல்ல முடியாது. அதனால் சரியாகப் பத்துச் சொற்கள் கொண்ட ஒரு சங்கீத வரியை எடுத்து, ஒவ்வொருவரைப் பார்த்தும் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பார்க்கிறார்கள். 'ஹோஷியா எத் அமெகா' என்று தொடங்கும் அந்த வரியின் பொருள்: உம் மக்களைக் காத்தருளும், உமக்குரியோரை ஆசீர்வதியும், அவர்களை மேய்த்து, என்றென்றைக்கும் சுமந்துகொள்ளும்.

என்னை அழைத்து வந்தவர் அதைத்தான் செய்தார். மேசை ஓரத்தில் இருந்தவரிடம் தொடங்கி, ஒவ்வொரு முகத்திலும் ஒரு சொல்லை வைத்தபடி வந்து, கடைசியாகத் தன் நெஞ்சில் கைவைத்து 'அத்' என்றார். பிறகு அவருடைய பார்வை என் முகத்தில் ஒரு கணம் தங்கி, கதவுக்குப் போய், கீழே இறங்கியது. பின்னாளில் அந்த வரியை ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் படித்தபோதுதான் அந்தக் கணம் எனக்குப் புரிந்தது. ஒன்பதாவது சொல்லான 'அத்' என்பதற்கு 'வரை' என்று பொருள். பத்தாவது சொல் 'ஹாஓலாம்', முடிவில்லாக் காலம். ஒன்பது பேரோடு எண்ணிக்கை நிற்கும்போது அந்த வேண்டுதல் 'எதுவரை' என்பதைச் சொல்லாமலே அறுந்துபோகிறது.

அன்று அவருடைய தாயின் ஆண்டு நினைவு நாள். யூத நாள்காட்டியில் நாள் என்பது மாலையில் தொடங்கி மறுநாள் மாலையில் முடிவது. முந்தைய மாலை ஏற்றிய இருபத்துநான்கு மணிநேர மெழுகுவர்த்தி வீட்டில் அணையும் தறுவாயில் இருந்திருக்கும். உடல்நலமின்றி முந்தைய மாலையும் அன்று காலையும் அவரால் வர இயலவில்லை. சூரியன் மறைவதற்குள் சொல்லும் இந்தப் பிற்பகல் ஜெபம்தான் கடைசி வாய்ப்பு. தவறினால் அடுத்த ஆண்டுதான். ஒருகாலத்தில் யூதர்களால் நிறைந்திருந்த பகுதி அது. 1881க்குப் பிறகு ரஷ்யப் பேரரசில் நடந்த தாக்குதல்களுக்குத் தப்பி வந்தவர்கள் குடியேறிய தெருக்கள் அவை. அவர்களுடைய பிள்ளைகள் வசதி வந்ததும் வடமேற்கு லண்டனுக்கு நகர்ந்துவிட்டார்கள். பக்கத்தில் பிரிக் லேனில் இருக்கும் மசூதி, பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளின் தேவாலயமாக 1743இல் எழுந்து, இடையில் மெதடிஸ்டுகளிடம் இருந்து, 1898 முதல் ஜெபக்கூடமாக விளங்கி, 1976இல் மசூதியான கட்டடம்.

பத்தாமவர் வரவில்லை. நேரம் முடியுமுன் அவர்கள் தனித்தனியாக ஜெபிக்கத் தொடங்கினார்கள். எருசலேமின் திசையை நோக்கி மூன்றடி பின்சென்று, மூன்றடி முன்வந்து, கால்களைச் சேர்த்து நின்றார்கள். அமீதா என்னும் அந்த நின்றநிலை ஜெபத்தில் குரல் எழக் கூடாது. பிள்ளை வரம் கேட்டு அன்னாள் ஜெபித்தபோது அவளுடைய உதடுகள் மட்டும் அசைந்தன, குரல் கேட்கவில்லை, பூசாரி ஏலி அவளைக் குடித்திருப்பவள் என்று எண்ணினார் என்று விவிலியம் சொல்கிறது. ஆசாரியர் தவறாகப் புரிந்துகொண்ட அந்தப் பெண்ணைத்தான், யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தல்மூத், ஜெபத்துக்கு இலக்கணமாக எடுத்துக்கொண்டது. ஒன்பது கிழவர்களின் உதடுகள் அசைவதையும், அவர்களுடைய இடுப்புக்குக் கீழே வெள்ளை நூல்முடிச்சுகள் தொங்குவதையும் பார்த்துக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். எல்லாம் முடிந்தபின் கத்தீஷ் வரவேண்டிய இடத்தில் ஓர் அமைதி வந்தது. முதியவர் தன் புத்தகத்தை அந்தப் பக்கத்தில் திறந்தபடியே சிறிது நேரம் வைத்திருந்து, பிறகு மூடி, அட்டைக்கு முத்தமிட்டார்.

சாவைச் சொல்லாத சாவு ஜெபம்

கத்தீஷின் சொற்களை அதன் பிறகு தேடிப் படித்தேன். எபிரேயத்தில் அல்ல, பெரும்பாலும் பழைய காலப் பேச்சுமொழியான அரமேயத்தில் அமைந்தது அது. துக்கம் காப்பவர்கள் சொல்லும் அந்த ஜெபத்தில் சாவு என்ற சொல் இல்லை, இறந்தவரின் பெயர் இல்லை, ஆன்மா சாந்தியடையட்டும் என்ற வேண்டுதலும் இல்லை. 'அவருடைய மகத்தான பெயர், அவர் தம் விருப்பப்படி படைத்த உலகில் உயர்வும் தூய்மையும் பெறுவதாக' என்றுதான் தொடங்குகிறது. தாயைப் புதைத்துவிட்டு வந்தவன் கடவுளின் பெயரைப் பெரிதாக்குகிறான். அதற்குச் சுற்றி நிற்பவர்கள் 'அந்த மகத்தான பெயர் என்றென்றும், காலகாலங்களுக்கும் வாழ்த்தப்பெறுவதாக' என்று பதில் தருகிறார்கள். கத்தீஷின் உயிர் அந்தப் பதிலில் இருக்கிறது. பதில் சொல்ல ஆள் இல்லாதபோது அந்த ஜெபமே நிகழ்வதில்லை. தாய் தந்தையருக்காக இதைப் பதினொரு மாதம் சொல்கிறார்கள். தீயவர்களுக்கு மறுமையில் தீர்ப்புக் காலம் பன்னிரண்டு மாதம் என்பது நம்பிக்கை; தன்னைப் பெற்றவர்களுக்கு முழுப் பன்னிரண்டும் தேவைப்பட்டது என்று எந்தப் பிள்ளையும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதால் ஒரு மாதத்தைக் குறைத்துவிட்டார்கள்.

என் அப்பா இறந்து அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஈஸ்ட் ஹாம் வீட்டில், சமையலறை மேடையில் தாம்பாளத்தை வைத்து, எள்ளும் தண்ணீரும் விட்டு, நான் தனியாகத்தான் அமாவாசைத் தர்ப்பணம் செய்துவந்தேன். எனக்குப் பதில் சொல்ல யாரும் வேண்டியிருக்கவில்லை. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வழியும் நீர் போதுமானதாக இருந்தது. அந்தத் தனிமையை அதுவரை ஒரு சுதந்திரம் என்றே நினைத்திருந்தேன். ஒயிட்சேப்பல் மாலைக்குப் பிறகு வந்த அமாவாசையில், தண்ணீர் தாம்பாளத்தில் விழும் ஓசை எனக்கு வேறுவிதமாகக் கேட்டது. என் துக்கத்துக்கு ஆமென் சொல்ல ஒன்பது பேரைத் தேடி நான் தெருவில் நிற்கவேண்டி வந்திருந்தால், அப்பாவை நினைக்கும் முறையே மாறியிருக்கும் என்று தோன்றியது.

ஆனால் முதலில் என்னுள் எழுந்தது இந்தத் தெளிவு அன்று, வருத்தம்தான். கோயிலுக்குள் யார் வரலாம், யார் எந்தப் படியோடு நிற்கவேண்டும் என்ற கேள்விக்காக எத்தனை போராட்டங்கள் நடந்தன என்பதை அறிந்த தமிழனுக்கு, 'நீங்கள் கணக்கில் வரமாட்டீர்கள்' என்ற சொல் எங்கே தைக்கும் என்று விளக்கத் தேவையில்லை. கதவு திறந்திருந்தது, நாற்காலி கிடைத்தது, தேநீர்கூடக் கிடைத்தது. இருந்தும் எண்ணிக்கை என்னைத் தாண்டிச் சென்றது. பத்து என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். மோசே கானான் நாட்டை வேவு பார்க்க அனுப்பிய பன்னிரண்டு பேரில் யோசுவாவையும் காலேபையும் தவிர்த்த பத்துப் பேர், அச்சத்தைப் பரப்பி மக்களைக் கலங்கடித்தவர்கள். எண்ணாகமத்தில் கடவுள் அவர்களைப் 'பொல்லாத சபை' என்கிறார். சபை என்றால் குறைந்தது பத்துப் பேர் என்று தல்மூத் முடிவு செய்வது அந்தக் கோழைகளை வைத்துத்தான்! மின்யானுக்குப் பத்து ஞானிகள் வேண்டியதில்லை. நம்பிக்கை குலைந்த பத்துப் பேரும் சபைதான். அப்படியானால் தகுதி இல்லாததால் நான் விடுபடவில்லை. வேறு ஏதோ ஒன்று என்னிடம் இல்லை.

அது என்ன என்பதை தாமா பென் நெத்தினாவின் கதைதான் எனக்குக் காட்டியது. அஸ்கலோன் நகரத்தைச் சேர்ந்த தாமா யூதர் அல்லர். பெரும் ஆதாயம் தரும் வாணிகம் ஒன்று வந்தபோது, சரக்குப் பெட்டியின் சாவி உறங்கும் தந்தையின் தலையணைக்கு அடியில் இருந்தது. தந்தையை எழுப்ப மனமின்றி அவர் அந்த ஆதாயத்தை இழந்தார். பெற்றோரை எதுவரை மதிக்கவேண்டும் என்று மாணவர்கள் கேட்டபோது, தல்மூத் ஆசிரியர்கள் எடுத்துக்காட்டியது இந்த வேற்று மனிதரைத்தான். அதே பக்கத்தில் ரப்பி ஹனினா ஒரு சொல்லைச் சேர்க்கிறார்: கட்டளை இல்லாமல் செய்பவரைவிட, கட்டளை இடப்பட்டுச் செய்பவர் பெரியவர். விரும்பிச் செய்வதுதானே உயர்ந்தது என்று நாம் வாதிடலாம். நானும் நீண்ட நாள் வாதிட்டேன். ஆனால் விரும்பிச் செய்பவன் விரும்பாத நாளில் விட்டுவிடலாம். அந்த முதியவர்களின் இடுப்பில் தொங்கிய நூல்கள் அதை நினைவூட்டத்தான் இருக்கின்றன. அவற்றை 'சீசீத்' என்பார்கள். அந்தச் சொல்லின் எழுத்துகளுக்கு எண்மதிப்பு 600. அதோடு எட்டு இழைகளையும் ஐந்து முடிச்சுகளையும் கூட்டினால் 613, தோராவின் கட்டளைகள் மொத்தமும். அன்று மழை பெய்திருந்தாலும் அந்த ஒன்பது பேர் வந்திருக்கவேண்டும். நான் பேருந்தில் ஏறிப் போயிருக்கலாம். எண்ணப்படுவது என்பது அவர்களிடையே ஒரு கௌரவம் அன்று. கட்டப்பட்டிருப்பதன் பெயர் அது. வேறு இனத்து நல்லோருக்கும் வரும் உலகில் பங்கு உண்டு என்று சொல்லும் மரபு, பத்தாமவர் இடத்தை மட்டும் எனக்குத் தராததன் நியாயம் அப்போதுதான் பிடிபட்டது.

இந்த நியாயம் எல்லா இடத்திலும் என்னைத் திருப்திப்படுத்துகிறது என்று சொல்லமாட்டேன். மரபுவழிச் சபைகளில் பெண்கள் மின்யானில் சேர்க்கப்படுவதில்லை. குறித்த நேரத்தில் செய்யவேண்டிய கட்டளைகளிலிருந்து அவர்களுக்கு விலக்கு உண்டு, கடமை இல்லாததால் கணக்கிலும் இல்லை என்பது விளக்கம். தாயை இழந்த மகளின் கத்தீஷுக்கு அந்த விளக்கம் போதாது என்றே நான் நினைக்கிறேன். சீர்திருத்தச் சபைகள் பெண்களை எண்ணுகின்றன. அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் பிரிவும் 1973இல் அதற்கு வழிவிட்டது. குரலின்றி உதடு அசைத்த அன்னாளை ஜெபத்தின் முன்மாதிரியாக வைத்துக்கொண்ட மதத்தில், அன்னாள் இன்று நேரில் வந்து நின்றால் பல கூடங்களில் எண்ணிக்கை அவளையும் தாண்டித்தான் செல்லும்.

மட்டாஞ்சேரி

ஊர் திரும்பிய பின், சென்ற ஆண்டு கொச்சிக்குப் போயிருந்தேன். மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெபக்கூடம் 1568இல் கட்டப்பட்டது. அதன் 400ஆம் ஆண்டு விழாவுக்கு 1968இல் இந்திரா காந்தி வந்தார், அஞ்சல் தலையும் வெளியானது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தால், கையால் வரைந்த நீலச் சித்திரங்கள் கொண்ட சீன வெள்ளை ஓடுகள் காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கின்றன. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னர் பாஸ்கர ரவி, இசுப்பு இரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அளித்த செப்பேடு இந்தக் கூடத்தின் உடைமை. வட்டெழுத்தில் உள்ள அதன் வரிகளில் அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழு, பகல் விளக்கு, குடை, தோரணம் என்று உரிமைகள் வரிசையாக வருகின்றன. இன்றைய எழுத்தில் பெயர்த்துத் தந்தால் அந்தச் சொற்களில் பலவற்றைத் தமிழர் அகராதியின்றியே புரிந்துகொள்ளலாம். மேல்மாடத்தில் இரண்டாவது வாசிப்பு மேடை ஒன்று உண்டு. கேரள யூதக் கூடங்களின் தனி அமைப்பு அது. அதற்குப் பின்னால்தான் பெண்கள் இருப்பார்கள். எண்ணிக்கையில் வராத அந்தப் பெண்கள்தான் யூத மலையாளப் பாடல்களை நோட்டுப் புத்தகங்களில் எழுதித் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள்.

இதே கூடம், அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்த யூதர்களை நெடுங்காலம் சமமாக நடத்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் முன்னறையில் அமர்த்தப்பட்டார்கள். தோரா வாசிக்க அழைக்கப்படவில்லை. அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஏப்ரஹாம் பராக் சேலம், காந்திய வழியில் கூடத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். அதே 613 கட்டளைகளால் கட்டப்பட்டவர்களையே தோலின் நிறமும் பிறப்பும் பார்த்து ஒதுக்கியபோது, நான் மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்ட அந்த நியாயம் எங்கே போயிற்று? கடமைதான் அளவுகோல் என்றால் அவர்கள் முதல் வரிசையில் இருந்திருக்கவேண்டும். வழக்கறிஞர் சேலம் நடத்திய போராட்டத்தால் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. தளர்ந்து முடிவதற்குள் மக்கள் போய்விட்டார்கள். 1950களில் கேரள யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். நெகேவ் பாலைவனத்தின் நெவாத்திம் போன்ற கிராமங்களில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மட்டாஞ்சேரியில் மின்யான் கூடவேண்டுமென்றால், வெளியூரிலிருந்து வரும் யூதப் பயணிகள் வேண்டும்.

நான் போன அன்று, மூடும் நேரத்துக்குச் சற்று முன், எபிரேயம் பேசியபடி ஒரு குழு உள்ளே வந்தது. சில ஆண்களின் தலையில் துணித்தொப்பி இருந்தது, ஒருவருடைய சட்டைக்குக் கீழே வெள்ளை நூல்கள் தெரிந்தன. அது என் வேலை இல்லை என்று தெரிந்தும் மனம் எண்ணத் தொடங்கியது. ஒன்று, இரண்டு என்று எண்ண வாய் வரவில்லை. அந்த எபிரேய வரியைச் சொல்லவும் எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. பள்ளியில் முதலில் கற்ற குறளை எடுத்துக்கொண்டு, முகத்துக்கு ஒரு சீராக, 'அகர', 'முதல' என்று மனத்துக்குள் வைத்துக்கொண்டே போனேன். ஏழாவது மனிதரிடம் 'உலகு' வந்துவிட்டது. அவருக்குப் பின்னால், விளக்குகளைப் பார்த்தபடி, இன்னும் சிலர் கதவருகே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.